எம்ஆர்ஐ ‘நார்மல்’ என்றால் மோட்டார் நியூரான் நோய் இல்லை என்று அர்த்தமா?

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரில் ஒரு பல்கலைக்கழகமும் ஒரு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. சுற்றுவட்டாரம் முழுக்கப் பட்டுத்தறி. தறியில் உட்காருபவருக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மூலதனம். அறுந்த பாவு இழையைத் தேடிப் பிடித்து, இரண்டு விரல் நுனியால் முடிச்சுப் போட வேண்டும். ஒரு சேலைக்கு அது எத்தனை முறை என்று யாரும் எண்ணுவதில்லை.

இப்படி ஒரு நெசவாளரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 50. சில மாதங்களாக வலது கையில் இழை நழுவுகிறது. சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்த சதைத் திட்டு மட்டும் குழிந்துவிட்டது. மகன் அழைத்துப்போய் மூளைக்கும் கழுத்துக்கும் எம்ஆர்ஐ எடுக்கிறார்.

“ஸ்கேன்ல ஒண்ணும் இல்லப்பா. நார்மல்னு போட்டிருக்கு.”

“அப்புறம் ஏன்டா இழை பிடிக்க வரல?”

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல மூளைக்குள் போய், அங்கிருந்து 1970-ம் ஆண்டு மெட்ராஸுக்கும் போக வேண்டியிருக்கும்.

இரண்டு கட்ட ஒயரிங்

ஒரு விரலை அசைக்க உடம்பு இரண்டு நரம்பு செல்களைத் தொடர்ச்சியாகப் பயன்படுத்துகிறது. முதலாவது, மூளையின் மேற்பரப்பில் உள்ள மோட்டார் கார்டெக்ஸில் தொடங்கி முதுகுத்தண்டு வரை இறங்கும் மேல் இயக்க நரம்பணு. இரண்டாவது, அங்கிருந்து தசை வரை போகும் கீழ் இயக்க நரம்பணு. முதல் செல்களில் சில மிகப் பெரியவை. 1874-ல் கீவ் நகரைச் சேர்ந்த விளாடிமிர் பெட்ஸ் இவற்றை விவரித்ததால் இன்றும் அவை பெட்ஸ் செல்கள்.

மோட்டார் நியூரான் நோயில் இந்த செல்கள் படிப்படியாக இறக்கின்றன. இந்தக் குடும்பத்தில் அதிகம் காணப்படுவது ஏஎல்எஸ். 2014-ல் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டு எல்லோரும் வீடியோ போட்டது நினைவிருக்கிறதா? அந்த நோய்தான் இது. ஏஎல்எஸ்ஸில் இரண்டு கட்டமும் பாதிக்கப்படுகிறது. பிரான்ஸின் ஜான் மார்ட்டின் சார்கோ 1869-லிருந்தே, இறந்த நோயாளிகளின் முதுகுத்தண்டைப் பரிசோதித்து இதை எழுதத் தொடங்கினார்.

டாக்டருக்கு வரும் சிக்கல் என்னவென்றால், கீழ்க் கட்டத்தைச் சோதிக்க ஈஎம்ஜி இருக்கிறது. தசையில் மெல்லிய ஊசியைச் செலுத்தி மின்சார ஓட்டத்தைப் பார்த்துவிடலாம். மேல் கட்டத்துக்கு அப்படி ஒரு எளிய கருவி இல்லை. முழங்காலில் ரப்பர் சுத்தியலால் தட்டுவது, உள்ளங்காலைக் கீறிப் பெருவிரல் மேலே போகிறதா என்று பார்ப்பது, இவைதான் இன்றைக்கும் முக்கிய ஆதாரம். தசை மிகவும் மெலிந்துவிட்டால் சுத்தியல் சோதனையும் ஏமாற்றிவிடும். தசையே பதில் சொல்ல முடியாத நிலையில், மேலிருந்து வரும் கோளாறு எப்படித் தெரியும்? அதனால்தான் மூளையை நேரடியாகப் படம் பிடித்துப் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்.

விரல் கொடுக்கும் துப்பு

நம் நெசவாளரின் கைக்கே திரும்புவோம். ஏஎல்எஸ்ஸில் பலருக்குக் கட்டைவிரல் பக்கத் தசைகள் முதலில் மெலியும், சுண்டுவிரல் பக்கம் ஓரளவு தப்பிக்கும். நரம்பியல் டாக்டர்கள் இதை ‘ஸ்ப்ளிட் ஹேண்ட்’ என்பார்கள். இது ஏன் விசேஷம்? ஆள்காட்டி விரலின் அடியில் உள்ள தசைக்கும் சுண்டுவிரல் தசைக்கும் கரண்ட் கொடுப்பது ஒரே நரம்பு. முதுகுத்தண்டில் அவை கிளம்பும் இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நரம்பு நசுங்கினாலோ கழுத்து டிஸ்க் அழுத்தினாலோ இரண்டும் சேர்ந்து மெலிய வேண்டும். ஒன்று மட்டும் ஏன் மெலிகிறது?

ஒரு விளக்கம் மூளையைக் கைகாட்டுகிறது. மோட்டார் கார்டெக்ஸில் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இடம் உண்டு. கனடாவின் வைல்டர் பென்ஃபீல்ட் 1930-களில் அறுவை சிகிச்சையின்போது மின்சாரத்தால் தூண்டி அந்த வரைபடத்தைத் தயாரித்தார். அதில் கைக்கு, குறிப்பாகக் கட்டைவிரலுக்கு, அளவுக்கு மீறிய இடம். இழையைக் கிள்ளிப் பிடிக்கிற நுண்மை அங்கிருந்துதான் வருகிறது. நோய் மூளையில் தொடங்கிக் கீழே இறங்குகிறது என்றால், மூளையோடு அதிக நேரடித் தொடர்பில் உள்ள விரல்கள் முதலில் அடிவாங்குவது பொருந்திப்போகிறது. 1992-ல் ஆண்ட்ரூ ஐசன் முன்வைத்த ‘மேலிருந்து கீழ்’ கருதுகோளின் சாரம் இது. எதிர்த் தரப்பும் உண்டு: தசை முனையில் தொடங்கி மேலே ஏறுகிறது என்பவர்கள், இரண்டும் தனித்தனியாக நடக்கிறது என்பவர்கள். விவாதம் முடியவில்லை.

கார்டெக்ஸில் என்ன தெரிகிறது?

பல விஷயங்கள் தெரிகின்றன. அதில் முதலாவது தடிமன். மோட்டார் கார்டெக்ஸ் மூன்று, நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு படலம். ஏஎல்எஸ் நோயாளிகள் குழுவையும் ஆரோக்கியமானவர்கள் குழுவையும் ஒப்பிட்டால், நோயாளிகளின் படலம் சராசரியாக மெலிந்திருப்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மெலிவு என்றால் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு.

அடுத்தது இரும்பு. ரத்தத்தில் உள்ள இரும்பு நமக்குத் தெரியும், மூளையிலும் இரும்பு உண்டு. எஸ்டபிள்யூஐ என்ற ஒரு வகை எம்ஆர்ஐ காந்தப்புலத்தில் வரும் சின்னச் சின்னக் குழப்பங்களைப் பிடிக்கும். சில ஏஎல்எஸ் நோயாளிகளுக்கு அதில் மோட்டார் கார்டெக்ஸ் நெடுக ஒரு கருப்புக் கோடு தெரிகிறது, சேலையில் கரை ஓடுகிற மாதிரி. 2015-ல் கனடா டாக்டர்கள் இதற்கு ‘மோட்டார் பேண்ட் சைன்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கருப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு 2012-லேயே பதில் கிடைத்திருந்தது. இறந்த நோயாளிகளின் மூளையை 7 டெஸ்லா ஸ்கேனரிலும் மைக்ராஸ்கோப்பிலும் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், கார்டெக்ஸின் ஆழ்ந்த அடுக்குகளில் இரும்பு நிறைந்த மைக்ரோக்ளியா செல்களைக் கண்டார்கள். மைக்ரோக்ளியா என்பவை மூளையின் துப்புரவுப் பணியாளர்கள். பெட்ஸ் செல்கள் குடியிருப்பதும் அதே ஆழத்தில்தான்.

மூன்றாவது, ஒயர். டிடிஐ என்ற முறை மூளையில் தண்ணீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் நகர்கின்றன என்று அளக்கும். நல்ல நரம்பு இழைக்கட்டில் தண்ணீர் இழையின் நீளவாக்கில் ஓடும். இழை சிதைந்தால் பக்கவாட்டிலும் சிதறும். ஏஎல்எஸ்ஸில் கார்டெக்ஸிலிருந்து இறங்கும் முதன்மைப் பாதையில் இந்தச் சிதறல் தெரிகிறது. இரண்டு அரைக்கோளங்களை இணைக்கும் பாலத்திலும் தெரிகிறது. அதாவது, ‘இது தசை நோய்’ என்ற பழைய எண்ணத்துக்கு இந்தப் படங்களே மறுப்பு.

இன்னொரு விஷயத்தைக் குடும்பங்கள் தெரிந்துகொள்வது நல்லது. மாற்றம் மோட்டார் பகுதியோடு நிற்பதில்லை. பத்தில் ஒருவருக்கும் சற்று அதிகமானவர்களுக்கு நெற்றிப்பகுதி மூளையும் பாதிக்கப்பட்டு, ஒரு வகை டிமென்ஷியா சேர்ந்துகொள்கிறது. இன்னும் பலருக்கு முடிவெடுப்பதில், பேச்சில், குணத்தில் லேசான மாற்றம். ‘அப்பா முன்ன மாதிரி இல்ல, யார் மேலயும் அக்கறையே இல்ல’ என்று வீட்டில் வருத்தப்படும்போது, அது நோயின் பகுதியாகவும் இருக்கலாம்.

ஸ்கேன் இல்லாத ஒரு முறையையும் சொல்லியாக வேண்டும். தலைக்கு மேல் ஒரு காயிலை வைத்து காந்தத் துடிப்பு கொடுத்தால் கை துள்ளும். பெயர் டிஎம்எஸ். முதலில் லேசான ஒரு துடிப்பு கொடுத்தால், அடுத்து வரும் துடிப்பை ஆரோக்கியமான கார்டெக்ஸ் அடக்கி வாசிக்கும். ஏஎல்எஸ்ஸில் அந்த பிரேக் தளர்ந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் வூசிச், மேத்யூ கீர்னன் குழு இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. எஸ்ஓடி1 மரபணு மாற்றம் உள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, அறிகுறி வருவதற்கு முன்பே பிரேக் தளர்வது அவர்களுக்குத் தெரிந்தது. ‘மேலிருந்து கீழ்’ தரப்பின் வலுவான சீட்டு இது.

அப்படியென்றால் ரிப்போர்ட் ஏன் ‘நார்மல்’?

சாதாரணமாக எடுக்கும் மூளை எம்ஆர்ஐயில் ஒவ்வொரு படமும் சுமார் 5 மில்லிமீட்டர் தடிமனான ஒரு துண்டு. பார்க்க வேண்டிய மாற்றமோ ஒரு மில்லிமீட்டருக்குள். ஆராய்ச்சி ஸ்கேன்களில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் போனாலும், தேடுவது அதைவிடச் சிறியது. கம்ப்யூட்டர் கணக்கிட்டுத்தான் சொல்ல முடியும். ரேடியாலஜிஸ்ட்டின் கண் அதைத் தவறவிட்டது என்று சொல்வது நியாயமல்ல.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். குழு சராசரி வேறு, தனி மனிதர் வேறு. பத்தாம் வகுப்பு ஏ செக்‌ஷனின் சராசரி 78 மார்க், பி செக்‌ஷனின் சராசரி 74 என்று வையுங்கள். ஒரு மாணவி 76 எடுத்திருக்கிறார். அவர் எந்த செக்‌ஷன்? சொல்ல முடியாது. கார்டெக்ஸ் தடிமனும் அப்படியே. வயதானாலே அது மெலிகிறது, ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்தக் கருப்புக் கோடும் எல்லா நோயாளிகளுக்கும் வருவதில்லை. நோயே இல்லாத முதியவர்கள் சிலருக்கும் அந்தப் பகுதி கருமையாகத் தெரிவதுண்டு.

‘எம்ஆர்ஐயை வைத்து ஏஎல்எஸ்ஸை ஏஐ முன்கூட்டியே கண்டுபிடித்தது’ என்று அடிக்கடி ஃபீடில் வரும் செய்திகளைப் படிக்கும்போது இந்த செக்‌ஷன் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே நோய் உறுதியானவர்களையும் முழு ஆரோக்கியமானவர்களையும் பிரித்துக் காட்டுவது ஒரு சாதனைதான். ஆனால் கிளினிக்கில் வரிசையில் நிற்பவர்கள் அந்த இரண்டு வகையும் இல்லை. கை மெலிந்து, காரணம் தெரியாமல் வந்தவர்கள்.

பிறகு டாக்டர் ஏன் எம்ஆர்ஐ எழுதித் தருகிறார்? பெரும்பாலும் மோட்டார் நியூரான் நோயைக் கண்டுபிடிக்க அல்ல, மற்றவற்றை ஒதுக்க. கட்டி இருக்கிறதா, கழுத்தில் எலும்பு வளர்ந்து தண்டுவடத்தை நசுக்குகிறதா என்று பார்க்க. இதிலும் ஒரு பொறி உண்டு. 50 வயதில் யாருக்குக் கழுத்து ஸ்கேன் எடுத்தாலும் ஏதோ ஒரு டிஸ்க் பிதுங்கியிருக்கும். அதைக் காரணமாக நினைத்துக் கழுத்தில் ஆபரேஷன் செய்துகொண்டு, மெலிவு நிற்காமல் தொடர்ந்த பிறகே ஏஎல்எஸ் என்று தெரியவந்த நோயாளிகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். முதல் அறிகுறியிலிருந்து நோய் உறுதியாகும் வரை ஏறக்குறைய ஒரு வருடம் போய்விடுகிறது. இருக்கிற மருந்துகளோ குறைவு. 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிலுசோல் சில மாதங்களைக் கூட்டித் தரும். எஸ்ஓடி1 மாற்றம் உள்ள சிறு பிரிவினருக்கு டோஃபர்சென் என்ற மருந்துக்கு 2023 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதி தந்தது. இவ்வளவு குறுகிய நேரத்தில் ஒரு வருடம் வீணாவது சின்ன விஷயமில்லை.

மெட்ராஸ் பெயரில் ஒரு நோய்

இதுவரை சொன்னது உலகப் பாடப்புத்தகம். தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றுக்கு இது மட்டும் போதாது.

1970-ல் சென்னையின் ஈ.மீனாட்சிசுந்தரம், கே.ஜெகநாதன், பி.ராமமூர்த்தி ஆகியோர் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இளம் வயதில் வரும், பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு மோட்டார் நியூரான் நோயைப் பற்றியது அது. கை, கால் மெலிகிறது. முகத் தசையும் நாக்கும் பலவீனமாகின்றன. கூடவே காது கேட்காமல் போகிறது. வழக்கமான ஏஎல்எஸ் காதைத் தொடுவதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், இது மெதுவாக நகர்கிறது. நோயாளிகள் பல ஆண்டுகள், சிலர் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’ என்று உலக மருத்துவ நூல்களில் இன்றும் அதே பெயர்தான். ஊர் சென்னையாகிவிட்டது, நோய் மெட்ராஸாகவே இருக்கிறது.

உலகின் முதல் சிடி ஸ்கேன் ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது 1971 அக்டோபரில், லண்டனில். அதாவது, மெட்ராஸ் டாக்டர்கள் இந்த நோயைத் தனியாகப் பிரித்தபோது உலகத்தில் எந்த நோயாளிக்கும் சிடி ஸ்கேன் கிடையாது. வயதைக் கேட்டார்கள், கையைப் பார்த்தார்கள், காதைச் சோதித்தார்கள். அவ்வளவுதான்.

பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் இதைத் தொடர்ந்தது. எம்.கௌரி தேவி, சுரேஷ் ஆகியோரின் கட்டுரை 1988-ல் வந்தது. ஏ.நளினி குழு 2006-ல் பரம்பரையாக இந்த நோய் உள்ள 15 தென்னிந்தியக் குடும்பங்களைப் பற்றி எழுதியது. 2008-ல், 1971 முதல் 2007 வரை வந்த 116 மெட்ராஸ் வகை நோயாளிகளின் விவரம் வெளியானது. அதே ஆண்டில் 1,153 ஏஎல்எஸ் நோயாளிகளைப் பற்றிய 30 ஆண்டு அனுபவத்தையும் நிம்ஹான்ஸ் வெளியிட்டது. அவர்களுக்கு நோய் தொடங்கிய சராசரி வயது 46. மேற்கு நாடுகளைவிட இது பத்து வருடத்துக்கும் மேல் முன்னதாக. ‘ஏஎல்எஸ்ஸா? மூணு வருஷம்தான்’ என்று கூகுள் சொல்வதை அப்படியே இங்கே பொருத்திப் பார்ப்பது தவறாகப் போகலாம். ஸ்டீபன் ஹாக்கிங் 1963-ல் நோய் தெரிந்த பிறகு 55 வருடம் வாழ்ந்தார். அவர் விதிவிலக்கு. மெட்ராஸ் வகையிலோ நீண்ட ஆயுள்தான் வழக்கம்.

18 வயதுப் பெண்ணுக்குக் கை மெலிகிறது, காதும் மந்தமாகிறது என்றால், மூளை ஸ்கேனைவிட காது கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் அதிகம் சொல்லக்கூடும். இங்கே தவறவிடக் கூடாத இன்னொரு கதவும் இருக்கிறது. காது கேளாமையும் நாக்கு, முகத் தசை பலவீனமும் சேர்ந்து வரும் ப்ரௌன்-வியாலெட்டோ-வான் லேர் என்ற நோய், பார்க்க மெட்ராஸ் வகையைப் போலவே இருக்கும். ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2, செல்லுக்குள் போகும் வழியில் உள்ள மரபணுக் கோளாறுதான் பலருக்குக் காரணம் என்று 2010-லிருந்து தெரியவந்தது. அதிக டோஸ் பி2 கொடுத்தபோது பலருக்கு முன்னேற்றம், சிலருக்கு உயிரே பிழைத்தது. மரபணுப் பரிசோதனையில் இது தெரியும். இதைப் படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் பி2 வாங்கி ஏஎல்எஸ் நோயாளிக்குக் கொடுத்தால் நோய் குணமாகாது, இரண்டும் வேறு வேறு.

கழுத்தைக் குனிந்து எடுக்க வேண்டிய ஸ்கேன்

எம்ஆர்ஐதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஒரு சந்தர்ப்பமும் இருக்கிறது. 15 முதல் 25 வயதுக்குள், பெரும்பாலும் ஆண்களுக்கு, ஒரு கை மட்டும் மெலியும். சில வருடம் போய், தானாக நின்றுவிடும். 1959-ல் ஜப்பானின் ஹிராயாமா விவரித்ததால் ஹிராயாமா நோய். இந்தியாவிலும் நிறையப் பேருக்கு வருகிறது. கழுத்தைக் குனியும்போது தண்டுவடம் முன்பக்கம் தள்ளப்பட்டு நசுங்குவது இதன் காரணமாகக் கருதப்படுகிறது. நேராகப் படுத்து எடுக்கும் வழக்கமான எம்ஆர்ஐயில் இது தெரியாமல் போகலாம். குனிந்த நிலையில் எடுத்தால் தெளிவாகத் தெரியும். ஆரம்பத்திலேயே கழுத்துப் பட்டை போட்டால் பலருக்கு மெலிவைக் கட்டுப்படுத்த முடிகிறது. இளைஞருக்கு ஒரு கை மட்டும் மெலிந்து, ரிப்போர்ட் நார்மல் என்று வந்தால், ‘டாக்டர், குனிஞ்ச பொசிஷன்ல எடுக்கணுமா?’ என்று கேட்பதில் தப்பே இல்லை.

இரவு 2 மணிக்குக் கண் இமை துடிக்கிறது என்று கூகுள் செய்து, ஏஎல்எஸ் பக்கத்தில் போய் நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பலவீனம் இல்லாமல், மெலிவு இல்லாமல் வரும் தசைத் துடிப்பு மிகப் பெரும்பாலும் தொந்தரவில்லாதது. தூக்கமின்மை, காபி, டென்ஷன் எல்லாமே அதைக் கிளப்பும். பார்க்க வேண்டியது, முன்பு செய்த ஒரு வேலை இப்போது செய்ய முடியாமல் போகிறதா என்பதை.

கார்டெக்ஸ் படங்கள் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. புது மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஒருவரின் கார்டெக்ஸை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருடைய பழைய படத்தோடேயே ஒப்பிடலாம். அங்கே செக்‌ஷன் சிக்கல் பெருமளவு குறைந்துவிடும். சென்னையில் ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2022-லிருந்து இறந்தவர்களின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, செல் அளவில் படம் எடுக்கிறது. 2024 டிசம்பரில் வெளியான ‘தரணி’ என்ற கருவின் மூளை அட்லஸில் 5,000-க்கும் மேற்பட்ட சீவல்கள். பெட்ஸ் செல்கள் எப்படி இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கிற அளவுக்கான துல்லியம் அது. ஆனால் உயிரோடு தறியில் உட்கார்ந்திருப்பவரின் மூளையை அப்படிப் பார்க்க வழியில்லை.

ஏனாத்தூர் நெசவாளர் இப்போது ஒரு நரம்பியல் டாக்டரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, ஸ்கேன் சிடியையும் எடுத்துப்போக வேண்டும். கை இழையைத் தவறவிடுவதை மகன் மொபைலில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வைத்திருந்தால் நல்லது. ஒரு வருடத்துக்கு முன் எடுத்த கல்யாண ஆல்பத்தில் அந்தக் கை எப்படி இருந்தது என்பதும் உதவும். டாக்டர் முதலில் நாக்கை நீட்டச் சொல்வார். அதை உள்ளே இழுத்து வாய்க்குள் ஓய்வாக வைக்கச் சொல்லி, அது துடிக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். பிறகு சுத்தியலை எடுப்பார்.